தங்கவயல் தொழிலாளர் காலணாவும் அயோத்திதாசரும்

பெங்களூரில் பத்து இருபது வருடம் குப்பை கொட்டிய நம்மில் பலருக்கு கோலார் தங்கவயல் என்றால் தங்கமும், கொஞ்சம் சினிமாவும்தான். அயோத்திதாசப் பண்டிதர் அங்கே எத்தனை ஆழமாக வேரூன்றியவர் என்பது எனக்கே நாற்பதைத் தாண்டித்தான் தெரிந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1845-ல் பிறந்தவர், சித்த மருத்துவர். 1891-ல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டி, ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பள்ளி, அரசு வேலை, பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை எல்லாம் கேட்டுத் தீர்மானம் போட்டவர். 1898-ல் பௌத்தம் தழுவினார். நாக்பூரில் அம்பேத்கர் தழுவியது 1956-ல், அதாவது 58 வருடம் கழித்து!

1907 ஜூன் 19-ல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பைசா என்றால் அன்றைய காலணா. (பி.காம் புத்தி கணக்குப் போடாமல் விடுமா? ரூபாய்க்கு 64 பைசா. வருடம் முழுக்க வாங்கினாலும் ஒரு ரூபாய் ஆகாது.) கூலிக்காரனும் வாங்க முடிகிற விலை அது.

அப்படிப்பட்ட வாசகர்கள் தங்கவயலில் இருந்தார்கள். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து சுரங்க வேலைக்குப் போன தமிழர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் நமக்கு ஏ.சி. அறை, அவர்களுக்குப் பாதாளம். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை வைத்தார்கள். 1914-ல் பண்டிதர் காலமானார். பிறகு நின்றுபோன 'தமிழன்' இதழை 1926-ல் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தவர் கோ. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. எந்த சர்க்காரும் கேட்டுக்கொள்ளவில்லை, எந்தப் பல்கலைக்கழகமும் பணம் தரவில்லை.

அரசு மரியாதை வர 2005 ஆயிற்று, தபால்தலை வடிவில். கிண்டியில் மணிமண்டபம் 2023-ல். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மாலை போடுவது சுலபம் சார்.

சந்தாபுராவில் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் குடிவந்தால் விசாரிப்பு எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். "எந்த ஊர்?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "எந்தத் தெரு?" "குலதெய்வம் எது?" நான்காவது கேள்விக்குள் விஷயத்தைக் கறந்துவிடுவோம். காபி எந்த டம்ளரில் என்பது அதற்கப்புறம். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்கியபோது தம் மக்களை பௌத்தர் என்று பதியச் சொன்னவர், 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று அழைத்தவர் பண்டிதர். நூறு வருடத்துக்கு மேலாகியும், ஊர் விட்டு ஊர் வந்தும் நாம் தெருப்பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் மூன்றாவது, நான்காவது கேள்விகளை நிறுத்திவிட்டோம். என் மாமியாருக்கு இதில் இன்னும் வருத்தம்தான்!

2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு, தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். உங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், அவர் தாத்தா 'தமிழன்' வாங்கியவராக இருக்கலாம்.

மே 20 பண்டிதர் பிறந்தநாள். பிள்ளைகளுக்குக் கோடை லீவு. அதே ரயிலில் எதிர்த்திசையில் மாரிக்குப்பம் வரை போய்வர எண்ணம். புளிசாதம் எங்கள் பொறுப்பு. யாரெல்லாம் வருகிறீர்கள்?