காட்டில் பெரட்டு எடுப்பதில்லை

மலேசியச் செம்பனை எண்ணெய் 1917 முதலே இயற்கையைக் கெடுக்காமல் உற்பத்தியாகிறது என்று பிபிசி வேர்ல்டில் ஒரு விளம்பரம் ஓடியது. கொடுத்தது மலேசியச் செம்பனை எண்ணெய் மன்றம். தோட்டமும் மழைக்காடும் ஒன்றுதான் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார் என, 2008-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அதைத் தவறென்றது. அடுத்த ஆண்டே மன்றத்தின் இன்னொரு விளம்பரமும் அங்கே அடி வாங்கியது.

நம்மூர்ப் பழமைவாதிகளின் பதில் தெரிந்ததுதான்: காட்டை அழிச்சவனே நமக்குப் பாடம் எடுக்கிறான், வாங்குறவனுக்குப் புத்தி இருக்கு, ஆணையம் எதுக்கு?

முதல் பாதியில் உண்மை உண்டு. பாகான் செராய் இருக்கும் கிரியான் மாவட்டத்தையே பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியர்கள் இங்கே கரும்புத் தோட்டம் போட்டார்கள். நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ரப்பர் விலை ஏறியதும் கரும்பு போய்ப் பால்மரம் வந்தது, பிறகு செம்பனை. அந்த 1917-கூட, கோல சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட ஆண்டுதான். கணக்கு அவர்களிடமிருந்தே தொடங்குகிறது.

அதனால் விளம்பரம் உண்மையாகிவிடுமா? வெள்ளைக்காரன் வெட்டியதும் காடு, நாம் வெட்டியதும் காடு. லண்டனில் பார்த்தவருக்கு இரண்டும் பச்சை. அவர் புத்தி என்ன செய்யும்?

தோட்டத்துச் சனமும் 'பால்மரக் காடு', 'செம்பனைக் காடு' என்றுதான் சொல்லும். ஆனால் அங்கே மரத்துக்கு நிரை உண்டு, ஆளுக்குக் கங்காணி உண்டு, விடியுமுன் பெரட்டு உண்டு. பேச்சில் காடு என்றவர்கள் ஒருநாளும் அதைக் காடென்று நம்பியதில்லை.