பேனல் மூலையில் ஒரு பச்சைக் கோடு

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிமலையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களில் சிலர் நேரே என் கடைக்குத்தான் வருவார்கள். கையில் மஞ்சள் பை, அதற்குள் அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய கவர்மெண்ட் லேப்டாப். "ஆன் ஆவுதுண்ணே, ஆனா அப்படியே நின்னுடுது" என்பார்கள்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. முதலில் வந்த மெஷின்களில் ராம் 2 ஜி.பி.தான். விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் அவற்றில் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இடம் மிச்சமாகட்டும் என்று நானும் பல மெஷின்களில் அதை அழித்தேன். அது தப்பு.

இப்போது அந்த மெஷின்களுக்கு டெபியனும் எல்எக்ஸ்டிஇ அல்லது எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும் போட்டுக் கொடுக்கிறேன். போட்டதும் முதல் வேலை, திரையோரப் பட்டையான பேனலில் ரைட் கிளிக் செய்து சிபியு வரைபடத்தையும் பேட்டரியையும் சேர்ப்பது, கூடவே சிஸ்டம் லோடு எண்ணையும் திரையில் காட்டவைப்பது. 2012 மின்வெட்டில் படித்த பிள்ளைகளுக்குப் பேட்டரி படம் எதற்கென்று விளக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டும் எதற்கு என்று கேட்பார்கள்.

அதற்குப் பதில் 1973-லிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய பெரிய கணினிகள் இருந்தன. ஒரே கணினியைப் பல ஊர்க்காரர்கள் பங்குபோட்டுப் பயன்படுத்தினார்கள். எதில் கூட்டம் குறைவு என்று தெரிய, அந்த ஆண்டு ஜூலை மாதக் கணக்கை ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். ரேஷன் கடைக் கணக்குதான் அது. ஒருவருக்கு எடை போடுகிறார்கள், ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் லோடு 10.

1980-களில் எக்ஸ் விண்டோ வந்தபோது 'எக்ஸ்லோட்' என்ற சிறு நிரல் இந்த எண்ணைக் கோட்டுப்படமாகத் திரையில் வரைந்தது. நம் பேனலில் சிபியு அளவைக் காட்டி ஓடும் பச்சைக் கோட்டுக்கு அதுதான் பாட்டன். லினக்ஸில் 'ப்ராக்' என்ற கோப்பகம் வழியாக, இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் கணக்கைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பேனலில் சேர்க்கும் சிறு நிரலான ஆப்லெட் அதை நொடிக்கு நொடி படித்து வரைகிறது. மெஷினுக்கு அது ஒரு சுமையே இல்லை.

2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 டெஸ்க்டாப் பழைய பேனல் ஆப்லெட்டுகளைக் கைவிட்டது. நம் பிள்ளைகள் கைக்கு 2 ஜி.பி. லேப்டாப் வந்ததும் அதே ஆண்டில்தான். சின்ன டெஸ்க்டாப்புகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பிரான்சின் ஒலிவியே ஃபூர்தான் 1996-இல் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ, தைவானின் ஹோங் ஜென் யீ 2006-இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ இரண்டிலும் இன்றும் அவை இருக்கின்றன. எளிய மெஷின் வைத்திருப்பவனுக்குத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த ஆட்கள் அதை மறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் மலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். வேறொரு கடையில் "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழைய ஹார்ட் டிஸ்கிலேயே லினக்ஸ் இருந்ததால் சிபியு ஆப்லெட்டைச் சேர்த்து, லோடு எண்ணையும் பார்த்தேன். பச்சைக் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. லோடு மட்டும் 6-ஐத் தாண்டி நிற்கிறது. புராசஸருக்கு வேலையே இல்லை, வரிசை மட்டும் நீளம். லினக்ஸில் 1993-இல் ஒரு திருத்தம் செய்தார்கள். புராசஸருக்குக் காத்திருப்பவரோடு, டிஸ்கிலிருந்து தரவு வரக் காத்திருப்பவரையும் லோடில் எண்ணினார்கள். கவுண்டரில் ஆள் சும்மா இருக்கிறார், குடோனிலிருந்து மூட்டை வரவில்லை. போயிருந்தது மதர்போர்டு இல்லை, ஹார்ட் டிஸ்க்.

அதற்குள் அவளுடைய எஸ்.டி. சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் ஸ்கேன்கள், தம்பியின் போட்டோக்கள் இருந்தன. முதலில் அவற்றை நகல் எடுத்தோம். மூன்று மணி நேரம் ஆனது. பஸ்ஸைத் தவறவிட்டுக்கூட அந்தப் பெண் நகரவில்லை. பிறகு சின்ன எஸ்எஸ்டி ஒன்று மாட்டினேன். அந்த மெஷின் இன்றும் ஓடுகிறது.

உங்கள் வீட்டுப் பீரோ மேலும் அப்படி ஒரு லேப்டாப் கிடக்கலாம். பழைய இரும்புக்குப் போடுமுன் லினக்ஸ் பென்டிரைவில் அதை எழுப்பி, பேனலில் சிபியு வரைபடத்தைச் சேர்த்து, எக்ஸ்லோடையும் ஓடவிட்டு, ஹார்ட் டிஸ்கில் உள்ள கோப்புகளைத் திறந்து பாருங்கள். கோடு கீழேயும் லோடு மேலேயும் நின்றால் வேறு எதையும் தொடாதீர்கள். சான்றிதழ்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.