ஃபியார்ட்லாந்து தேசியப் பூங்கா: செல்வழிகளின் வரலாறு

நியூசிலாந்தின் தென்தீவில், தென்மேற்கு மூலையில் அமைந்த பூங்கா. பரப்பு ஏறத்தாழ 12,600 சதுர கிலோமீட்டர். அந்நாட்டின் தேசியப் பூங்காக்களில் மிகப் பெரியது. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்ததால் உண்டான ஃபியார்டுகள் இதன் மேற்குக் கரை நெடுகிலும் மலைகளுக்குள் நீண்டு கிடக்கின்றன. வடக்கே உள்ள மில்ஃபர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் மழைநாள்தான். எந்த மாதம் புறப்படுவது, எந்த வழியாகப் போவது, மழை பிடித்துக்கொண்டால் எத்தனை நாளுக்குச் சாப்பாடு கையிருப்பு உண்டு என்னும் கேள்விகள் இங்கு வந்த கப்பல் தலைவர்களுக்கும் இருந்தன, இன்றைய நடைப்பயணிகளுக்கும் இருக்கின்றன.

மாவோரி மக்கள் இக்கரைக்குப் பல தலைமுறைகளாக வந்துபோனவர்கள். பறவை, மீன், கடல்நாய் ஆகியவற்றுக்காகவும் பச்சைக்கல்லுக்காகவும் பருவந்தோறும் வந்தனர். மில்ஃபர்ட் சவுண்டின் வாயிலில் உள்ள அனிட்டா விரிகுடாவில் தகிவாய் எனும் ஒளி ஊடுருவும் கல் கிடைத்தது. தூ-தெ-ரகி-ஃபானோவா என்ற தெய்வ ஆற்றல் வாய்ச்சியால் செதுக்கி இந்தக் கடற்கழிகளை உண்டாக்கியது என்றும், மனிதர்கள் இங்கேயே தங்கிவிடாதிருக்க ஹினே-நுய்-தெ-போ என்னும் தேவி கடி ஈக்களை ஏவிவிட்டாள் என்றும் அவர்களின் தொல்கதை சொல்கிறது. அவர்கள் நடந்த மலைவழிகளில் சிலவே பதிவாகியுள்ளன.

எழுத்தில் மிக விரிவாகப் பதிவான வருகை 1773இல் ஜேம்ஸ் குக் மேற்கொண்டது. 1770இல் இதே கரையைக் கடந்தபோது டஸ்கி விரிகுடாவுக்குப் பெயரிட்டிருந்தார், ஆனால் உள்ளே நுழையவில்லை. நன்னம்பிக்கை முனையிலிருந்து புறப்பட்டு 117 நாள் தெற்குக் கடலில் நிலத்தையே காணாமல் அலைந்த பின், மார்ச் 26ஆம் நாள் ‘ரெசல்யூஷன்’ கப்பல் டஸ்கியில் நுழைந்தது. பிக்கர்ஸ்கில் துறையில் கரையை ஒட்டிக் கப்பலைக் கட்டினார்கள். சாய்ந்து வளர்ந்திருந்த பெரிய மரம் ஒன்று கப்பலுக்கும் கரைக்கும் பாலமாகப் பயன்பட்டது. வானியலர் வில்லியம் வேல்ஸ் தம் கருவிகளை நிறுத்துவதற்காகக் காட்டின் ஒரு பகுதி வெட்டித் திருத்தப்பட்டது. அந்த இடம் இன்றும் வானியலர் முனை எனப்படுகிறது. அப்போது வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகும் அடையாளம் காணப்பட்டன. நெடுக்கோட்டைக் கணிக்க உதவிய கெண்டலின் கடிகாரம் இப்பயணத்தில்தான் சோதிக்கப்பட்டது. ரிமு மரக் கிளைகளையும் மானுகா இலைகளையும் கொதிக்கவைத்து, வெல்லப்பாகு சேர்த்து, குக் ஒருவகை பீர் காய்ச்சினார். ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. நியூசிலாந்தில் காய்ச்சிய முதல் பீர் இதுவே என்பது வழக்கமான கூற்று. ஐந்து வாத்துகளை ஒரு சிறு துறையில் விட்டார். அது இன்றும் வாத்துத் துறைதான். ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் அருவிகளையும் படகில் வந்த மனிதர்களையும் வரைந்தார். டஸ்கியில் வாழ்ந்த ஒரு மாவோரிக் குடும்பத்தோடு பழக்கம் ஏற்பட்டது. அவர்களுக்காக முரசும் குழலும் பேக்பைப்பும் வாசிக்கப்பட்டன; குடும்பத் தலைவர் துணியும் பச்சைக்கல் கோடரியும் பரிசளித்தார். அவர்கள் நாத்தி மாமோவே குலத்தார் என்பது பலரின் கருத்து. அதற்கு உறுதியான சான்று இல்லை. மழையையும் கடி ஈக்களையும் பற்றிய முறையீடு கப்பலில் இருந்தோரின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மே 11இல் கப்பல் புறப்பட்டது.

குக்கின் நிலப்படமும் குறிப்புகளும் பின்வந்தோருக்கு வழிகாட்டியாயின. அவரோடு முன்பு வந்திருந்த ஜார்ஜ் வான்கூவர் 1791இல் டஸ்கியில் நங்கூரமிட்டார். 1792இல் ‘பிரிட்டானியா’ கப்பல் ஒரு கடல்நாய் வேட்டைக் குழுவை ஆங்கர் தீவில் இறக்கிவிட்டுச் சென்றது. தங்களை அழைத்துப்போக யாரும் வராமல் போகலாம் என்ற அச்சத்தில் அக்குழு வீடு கட்டியதோடு ஒரு கப்பலையும் கட்டத் தொடங்கியது. 1793இல் மலஸ்பினாவின் ஸ்பானியப் பயணக் குழு டவுட்ஃபுல் சவுண்டின் முகப்பை அளந்தது. வேட்டை சில பத்தாண்டுகளில் கடல்நாய்களைப் பெரும்பாலும் அழித்தது. மில்ஃபர்டுக்கு வேல்சில் உள்ள துறையின் பெயரைச் சூட்டியவர் வேட்டைக் கப்பல் தலைவர் ஜான் கிரோனோ என்பார்கள். எந்த ஆண்டு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1851இல் ‘அக்கெரான்’ கப்பல் கரையை முறையாக அளந்தது.

1870களின் இறுதியிலிருந்து நீராவிக் கப்பல்களில் சுற்றுலாப் பயணிகள் வரலாயினர். அதே காலத்தில் டொனால்ட் சதர்லாந்து மில்ஃபர்டில் தனியே குடியேறினார். 1880இல் அவரும் ஜான் மக்கேயும் உள்நாட்டில் ஒரு பேரருவியைக் கண்டனர். உலகிலேயே உயரமானது என்று அது பறைசாற்றப்பட்டது; அளந்தபோது 580 மீட்டர். தரைவழியாக அங்கே செல்லும் பாதைக்காக 1888 அக்டோபரில் குவின்டின் மக்கின்னனும் எர்னஸ்ட் மிட்செலும் தெ ஆனாவு ஏரிப் பக்கமிருந்து மலை ஏறி ஒரு கணவாயைக் கடந்தனர். இன்று 53.5 கிலோமீட்டர் நீளும் மில்ஃபர்ட் நடைவழியின் உச்சம் அதுவே. மக்கின்னன் பின்னர் வழிகாட்டியாகி, பயணிகளுக்குத் தாமே சமைத்தார். அவர் சுட்டுக்கொடுத்த ‘பொம்போலோனா’ பலகாரத்தின் பெயரை இன்றும் ஒரு குடில் தாங்கி நிற்கிறது. 1892இல் தெ ஆனாவு ஏரியில் படகோடு போனவர் திரும்பவில்லை. 1908இல் பிளான்ச் பாகன் லண்டன் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் எழுதிய கட்டுரை, உலகின் மிகச் சிறந்த நடை என்ற புகழை இவ்வழிக்குத் தேடித்தந்தது. நெடுங்காலம் வழிகாட்டியோடு செல்லும் குழுக்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. 1960களின் நடுவில் நடைக்கழகத்தார் அதை எதிர்த்து நடந்து காட்டிய பிறகே தனியாகச் செல்வோருக்கும் வழி திறந்தது.

ரிச்சர்ட் ஹென்றியைச் சொல்லாமல் இப்பூங்காவின் வரலாறு நிறைவுறாது. 1894இல் ரெசல்யூஷன் தீவின் காவலராக அமர்ந்த அவர், வாய்க்கூடும் மணியும் கட்டிய நாயோடு காடுகளில் அலைந்து, பறக்க இயலாத காகாப்போ, கிவி முதலிய பறவைகளை நூற்றுக்கணக்கில் பிடித்து, சிறு படகில் ஏற்றித் தீவுகளில் விட்டார். 1900இல் கீரி போன்ற கொன்றுண்ணிகள் அங்கும் வந்துவிட்டன என்று தெரிந்தது. முதலில் கண்டு சொன்னவர்கள் வந்துபோன பயணிகளே என்பர். ஹென்றியின் முறை, தீவுகளில் அரிய பறவைகளைக் காக்கும் பிற்காலப் பணிக்கு முன்னோடியாயிற்று. அழிந்ததாகக் கருதிய தகாஹே பறவையை 1948 நவம்பரில் மருத்துவர் ஜெஃப்ரி ஆர்பெல் மர்ச்சிசன் மலையில் மீண்டும் கண்டார். 1910இல் டஸ்கியில் விட்ட மூஸ் மான்கள் எஞ்சியுள்ளனவா என்பது இன்றும் தீராத வழக்கு.

மில்ஃபர்டுக்குச் சாலை அமைக்க 1935இல் ஐந்து பேர் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகத் தொடங்கிய ஹோமர் சுரங்கம் 1940இல் மறுபக்கம் துளைத்தது. பனிச்சரிவுகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சுரங்கம் போக்குவரத்துக்குத் திறந்த ஆண்டை 1953 என்றும் 1954 என்றும் குறிக்கின்றனர். தெ ஆனாவிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளும் மில்ஃபர்ட் சாலை குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் மூடப்படுவதுண்டு; அக்காலத்தில் சக்கரச் சங்கிலி வேண்டும்.

பூங்கா 1952இல் முறையாக அமைந்தது. 1990இல் தெ வாஹிபோனமு உலக மரபிடத்தின் பகுதியானது. மானபூரி ஏரியின் மட்டத்தை மின்னுற்பத்திக்காக உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து 1970இல் 2,64,907 கையெழுத்துகளோடு மனு அளிக்கப்பட்டது, ஏரி காக்கப்பட்டது. மின்நிலையத்துக்காகப் போட்ட வில்மட் கணவாய்ச் சாலைதான் இன்று டவுட்ஃபுல் சவுண்டுக்குப் பயணிகளைக் கொண்டுசேர்க்கிறது: ஏரியைப் படகில் கடந்து பேருந்தில் ஏற வேண்டும். டஸ்கிக்குச் சாலை இல்லை. கடல்வழி, வான்வழி, அல்லது 84 கிலோமீட்டர் சேற்றுநடை.

மில்ஃபர்ட் நடைவழியில் அக்டோபர் இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரையிலான பருவத்தில் தனியாகச் செல்வோர் நாளொன்றுக்கு 40 பேர்; ஒரே திசையில் நான்கு நாள்; கூடாரம் அடிக்க அனுமதியில்லை. முன்பதிவு திறந்தவுடன் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே நடைக்கான நாளை முதலில் உறுதிசெய்து, விமானச்சீட்டைப் பிறகு எடுப்பதே உசிதம். பூங்காவின் மற்றொரு நடைவழியான, 1988இல் திறந்த கெப்லர் சுற்றுவழி 60 கிலோமீட்டர்.

2020 பிப்ரவரி வெள்ளம் சாலையையும் நடைவழிகளையும் சிதைத்தது. 2021இல் மில்ஃபர்டின் வருகையாளர் நெரிசலைக் குறைக்கும் பெருந்திட்டம் வெளியானது. வெளிநாட்டுப் பயணிகளுக்கான வரி 2024 அக்டோபரில் 35 டாலரிலிருந்து 100 நியூசிலாந்து டாலராயிற்று. சொந்தப் படகில் ஃபியார்டுகளுக்குச் செல்வோர், அடிப்பகுதி தூய்மையாக உள்ளது என்பதற்கான அனுமதி பெற வேண்டும். அயல் கடற்பாசி பரவாதிருக்க 2017 முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது.