கெர்னல் அமைவாக்கம்: ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு லினக்ஸ்

கெர்னல் அமைவாக்கம் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை மூலநிரலிலிருந்து உருவாக்குவதற்கு முன், அது எந்தச் செயலியில் எந்தெந்த வசதிகளோடு ஓட வேண்டும் என்று முடிவுசெய்து எழுதிவைக்கும் வேலை. லினக்ஸில் இந்த முடிவுகள் அனைத்தும் மூலநிரல் அடைவின் உச்சியில் '.கான்ஃபிக்' என்ற ஒரே உரைக் கோப்பில் சேர்கின்றன. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணில் படாது. புதிதாக வருகிறவர்கள் காணோம் என்று தேடும் முதல் கோப்பும் இதுதான்.

தன் செயலிக்கென்றே கெர்னலை அமைத்தால் கணினி பறக்கும் என்ற நம்பிக்கை ஒன்று நெடுநாளாக உண்டு. அது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். அமைவாக்கத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு செயலியைப் பற்றிய எந்த முடிவைத் தொகுக்கும்போதே எடுப்பது, எதைக் கணினி துவங்கும் நேரத்துக்கு விட்டுவைப்பது என்பதே இதில் மையக் கேள்வி. முதல் வகை முடிவு தவறினால் கெர்னல் எழவே எழாது. ரிஸ்க்-ஃபைவ் செயலிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை இங்கே பார்க்கலாம்.

பின்னணி

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சிங்கியில் எழுதத் தொடங்கிய கெர்னல் இன்டெல் 386 செயலிக்கு மட்டுமானது. வேறு செயலிக்குக் கொண்டுபோக முடியாதது என்று அவரே முதல் அறிவிப்பில் சொல்லிவிட்டார். 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகியவையும் சேர்ந்தன. அதிலிருந்து மூலநிரல் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கோப்பு முறைமை, வலையமைப்பு, பணிகளை மாற்றி மாற்றி ஓட்டும் அட்டவணையாளர் போன்றவை எந்தச் செயலிக்கும் பொது. பக்க அட்டவணையை அமைப்பது, குறுக்கீடுகளை வாங்குவது, ஒரு பணியின் பதிவகங்களைச் சேமித்து அடுத்ததை ஏற்றுவது ஆகியவை 'ஆர்ச்' என்ற அடைவில் செயலிக்கொரு கிளையாக வாழ்கின்றன.

பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவுக்கு அங்கே ஓர் இடம் கிடைத்தது 4.15 பதிப்பில், 2018 ஜனவரியில்.

விருப்பங்களை விவரிக்கும் மொழியின் பெயர் கேகான்ஃபிக். ரோமன் ஸிப்பல் எழுதிய இது 2002 அக்டோபரில் 2.5.45 பதிப்பில் சேர்ந்தது. எரிக் ரேமண்ட் அதற்கு முன்பே பைத்தானில் ஒரு மாற்று எழுதியிருந்தார். கெர்னல்காரர்கள் அதை ஏற்கவில்லை. இன்று கேகான்ஃபிக்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்கு விடை மூன்றில் ஒன்று: கெர்னலுக்குள்ளேயே சேர், தேவைப்படும்போது ஏற்றும் மாட்யூலாக வை, வேண்டாம். ஒரு விருப்பம் மற்றொன்றைச் சார்ந்திருப்பதாகச் சொல்லலாம். மற்றொன்றை வலுக்கட்டாயமாக இயக்கவும் செய்யலாம். இந்த இரண்டாவது வழியில் ஒரு பொறி உண்டு. வலுக்கட்டாயமாக இயக்கப்படும் விருப்பத்துக்கென்று உள்ள சார்புகளை கேகான்ஃபிக் சரிபார்ப்பதில்லை. எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு, பொருந்தாத அமைவையும் எழுதிவைத்துவிடும்.

முதல் கட்டளையில் நேரும் பிழை

ரிஸ்க்-ஃபைவ் கெர்னலைப் பெரும்பாலோர் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினியில் அமர்ந்துதான் தொகுக்கிறார்கள். எந்தச் செயலிக்கு என்பதை 'ஆர்ச்' மாறியிலும், எந்தத் தொகுப்பி என்பதை 'கிராஸ் கம்பைல்' மாறியிலும் கொடுக்க வேண்டும். முதலில் 'டெஃப்கான்ஃபிக்' கட்டளையால் அந்தச் செயலிக் குடும்பத்துக்கான இயல்பு அமைவை எடுத்து, பிறகு 'மெனுகான்ஃபிக்' பட்டியலில் திருத்துவதே வழக்கம்.

இரண்டாவது கட்டளையில் ஆர்ச் மாறியைச் சேர்க்க மறந்தால், உட்கார்ந்திருக்கும் கணினியின் செயலியே இலக்கு என்று, தொகுப்பை நடத்தும் 'மேக்' கருவி எடுத்துக்கொள்ளும். பட்டியல் வழக்கம்போலத் திறக்கும். ஆனால் சேமித்து வெளியே வந்தால், ரிஸ்க்-ஃபைவுக்காகத் தேர்ந்தவை காணாமல் போய், அந்தக் கோப்பு எக்ஸ்86 அமைவாக மாறியிருக்கும். அரை நாள் வேலை இப்படிப் போனவர்கள் அதற்குப் பிறகு அந்த மாறியை ஷெல்லிலேயே ஏற்றுமதி செய்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

தொகுப்பியும் அமைவில் தலையிடும். 2018-இல் வந்த 4.18 பதிப்பிலிருந்து கேகான்ஃபிக் தொகுப்பியையே கூப்பிட்டு, இந்த வசதி உனக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்க்கிறது. தெரியாது என்றால் அந்த விருப்பம் பட்டியலில் தோன்றாது. ஆகவே ஒரே '.கான்ஃபிக்' இரண்டு கணினிகளில் இரண்டு விதமான கெர்னலைத் தரலாம்.

எழுத்துகள் சொல்லும் வாக்குறுதி

ரிஸ்க்-ஃபைவ் சிறியதோர் அடிப்படைக் கட்டளைத் தொகுதியையும் அதன்மேல் சேரும் நீட்சிகளையும் கொண்டது. ஒவ்வொரு நீட்சிக்கும் ஓர் எழுத்து: பெருக்கல், வகுத்தலுக்கு எம், பகுபடாச் செயல்களுக்கு ஏ, ஒற்றை, இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளிக்கு எஃப், டி, 16 பிட்டில் சுருக்கிய கட்டளைகளுக்கு சி, திசையன் கணக்குக்கு வி. அமைவாக்கத்தில் இந்த எழுத்துகள் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை.

சி-யை எடுத்துக்கொள்வோம். அதை இயக்கினால் கெர்னல் முழுவதும் சுருங்கிய கட்டளைகள் கலந்தே தொகுக்கப்படும். படிமம் சிறுக்கும். ஆனால் சி இல்லாத செயலியில் அந்தப் படிமம் முதல் சில கட்டளைகளிலேயே விழும். இது தொகுக்கும்போதே கொடுத்துவிட்ட வாக்கு. பிறகு மாற்ற முடியாது.

பிட் கையாளும் இஸட்பிபி நீட்சி வேறு விதம். சரங்களின் நீளத்தை அளப்பது போன்ற சில வேலைகளுக்கு, அந்த நீட்சியோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றுமாக இரண்டு வடிவங்களைக் கெர்னல் தன்னிடம் வைத்திருக்கிறது. துவங்கும்போது செயலியில் அது இருப்பது தெரிந்தால், நினைவகத்தில் உள்ள தன் கட்டளைகளைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும். இங்கே விருப்பத்தை இயக்கிவைப்பதால் பழைய செயலிக்கு எந்தக் கேடும் இல்லை. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களாகவே தெரியும். உதவிக் குறிப்பைப் படிக்காமல் வேறுபாட்டைக் கண்டுகொள்ள வழியில்லை.

மிதவைப் புள்ளி விருப்பம் இன்னும் குழப்பக்கூடியது. அதை இயக்கினால் கெர்னல் மிதவைப் புள்ளியில் கணக்குப் போடும் என்று தோன்றும். உண்மையில், கெர்னலைத் தொகுக்கும் கட்டளையிலிருந்து எஃப், டி எழுத்துகளை மேக்ஃபைல் வேண்டுமென்றே கழற்றிவிடுகிறது. பயனர் நிரல்கள் பயன்படுத்தும் மிதவைப் புள்ளிப் பதிவகங்களை, பணி மாறும்போது கெர்னல் காப்பாற்றித் தர வேண்டுமா என்பதைத்தான் அந்த விருப்பம் தீர்மானிக்கிறது. செயலிக்கேற்ற தொகுப்புக் கொடிகளால் கெர்னல் ஏன் பறப்பதில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. அத்தகைய கொடிகள் அதிகம் பலன் தரும் மிதவைப் புள்ளி, திசையன் கட்டளைகளைக் கெர்னல் பொதுவாகத் தொடுவதேயில்லை.

நினைவகம்

64 பிட் ரிஸ்க்-ஃபைவில் மெய்நிகர் முகவரிக்கு 39, 48, 57 பிட் என மூன்று அளவுகள் உண்டு. 39 பிட்டில் 512 ஜிபி முகவரி வெளி கிடைக்கும்; பக்க அட்டவணைக்கு மூன்று அடுக்குகள். அளவு கூடக் கூட ஓரோர் அடுக்கு சேரும். 2022-இல் வந்த 5.17 பதிப்பிலிருந்து இத்தேர்வு துவக்க நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. கெர்னல் பெரிய அளவை முதலில் பதிவகத்தில் எழுதி, உடனே திரும்பப் படித்துப் பார்க்கிறது. செயலிக்குத் தெரியாத அளவை எழுதினால் அப்படி எழுதியது முழுவதும் செல்லாது என்பது கட்டமைப்பின் விதி. எழுதியது அங்கே இல்லையென்றால் ஓர் அடுக்கு இறங்கி மறுபடி முயலும். செயலியிடம் கேள்வியே கேட்காமல் அதன் நடத்தையைப் பார்த்து உண்மையைத் தெரிந்துகொள்ளும் இந்த முறை, கெர்னல் நிரலில் ரசிக்கத்தக்க இடங்களில் ஒன்று.

மறுமுனையில் நிற்பது கென்ட்ரைட் கே210. இரண்டு 64 பிட் கருக்கள், 8 எம்பி நினைவகம். இதிலுள்ள நினைவக மேலாண்மை அலகு பழைய வரைவு விதிகளின்படி செய்யப்பட்டதால் லினக்ஸுக்குப் பயன்படாது. ஆகவே அந்த அலகே இல்லை என்று அமைத்து, கெர்னலைச் செயலியின் மிக உயர்ந்த அதிகார நிலையில் ஓட்டுகிறார்கள். புதிய பணியை உருவாக்கும் வழக்கமான ஃபோர்க் அழைப்பு இதில் கிடையாது. மாட்யூல்களையும் தேவையற்ற கோப்பு முறைமைகளையும் ஒவ்வொன்றாகக் கழித்து அமைத்தால்தான் 8 எம்பிக்குள் கெர்னலும் பயனர் நிரலும் சேர்ந்து மூச்சுவிடும். கையால் அமைவாக்கும் திறமைக்கு இன்றும் வேலை இருக்கும் இடம் இத்தகைய சில்லுகள்தாம்.

செயலி தவறாகச் சொன்னால்

துவக்க நேரத்தில் கண்டறிவது நல்ல வழி. ஆனால் செயலி தன்னைப் பற்றிச் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். எக்ஸ்86 உலகில் பென்டியம் எம் செயலிகள் சிலவற்றுக்கு 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைக் கையாளும் பிஏஇ வசதி இருந்தும், இருப்பதாகக் காட்டும் கொடி இல்லை. அவற்றுக்காகவே, கொடியைப் பார்க்காதே, இருப்பதாகவே கொள் என்று சொல்லும் ஒரு துவக்க அளவுரு சேர்க்கப்பட்டது.

ரிஸ்க்-ஃபைவில் இதைவிட வளைவான கதை டி-ஹெட் நிறுவனத்தின் சி906 கருவுடையது. மலிவான ஆல்வின்னர் டி1 பலகைகளால் அது பரவியது. நினைவகத்தின் எந்தப் பகுதியைக் கேஷில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று குறிக்க ரிஸ்க்-ஃபைவில் அப்போது வழி இருக்கவில்லை. அதனால் அந்தக் கரு பக்க அட்டவணைப் பதிவின் மேல்முனையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பிட்டுகளைத் தானே எடுத்துக்கொண்டது. பிற்பாடு வந்த அதிகாரபூர்வ விதி வேறு விதமாக அமைந்தது. 5.19 பதிப்பில் இதற்கென்று ஒரு பிழைநீக்க விருப்பம் சேர்ந்தது. அதை அணைத்துவிட்டுத் தொகுத்த கெர்னல் டி1 பலகையில் ஒழுங்காக ஓடாது. அதே கருவின் திசையன் அலகு 0.7.1 வரைவைப் பின்பற்றியது. 2021-இல் உறுதியான 1.0 விதியோடு அது பொருந்தாது. ஆனாலும் பல பலகைகளின் விவரக் கோப்பு 'வி' இருப்பதாகவே சொன்னது. தயாரிப்பாளர் எண்ணைப் பார்த்து அந்த எழுத்தை அடித்துவிடும் நிரலைக் கெர்னல்காரர்கள் எழுத வேண்டியதாயிற்று.

சாதன மரமும் மௌனமும்

மேலே சொன்ன விவரக் கோப்பின் பெயர் சாதன மரம். எந்த முகவரியில் எந்தச் சாதனம், எத்தனை கருக்கள், எவ்வளவு நினைவகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆர்ம் உலகில் ஒவ்வொரு பலகைக்கும் தனி சி நிரல் எழுதிக் குவித்ததை 2011-இல் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்த பிறகே இம்முறை அங்கே வேகம் பிடித்தது. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில், ஒரே ஆர்ம் கெர்னல் பல பலகைகளில் ஓடும் நிலை வந்தது. ரிஸ்க்-ஃபைவ் தொடக்கத்திலிருந்தே இதை வைத்துக்கொண்டது. ஓப்பன்எஸ்பிஐ போன்ற கீழ்நிலை மென்பொருள், துவங்கும் கருவின் எண்ணை ஒரு பதிவகத்திலும் மரத்தின் முகவரியை அடுத்த பதிவகத்திலும் வைத்துக் கெர்னலிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்கிறது.

தவறான அமைவு பெரும்பாலும் பிழைச் செய்தியோடு வருவதில்லை. திரை வெறுமையாகவே இருக்கும். தொடர் முனையத்துக்கான இயக்கியைச் சேர்க்காமல் விட்டாலும் இதே மௌனம். தவறான நீட்சி எழுத்தோடு தொகுத்தாலும் இதே மௌனம். முன்கூட்டிய செய்திகளைக் கீழ்நிலை மென்பொருள் வழியாகவே அச்சிடச் சொல்லும் துவக்க அளவுருவைக் கொடுத்தால் இவ்விரண்டையும் பிரித்தறியலாம். மூல வட்டின் இயக்கியையும் அதன் கோப்பு முறைமையையும் மாட்யூலாக வைத்துவிட்டு, தொடக்க வட்டுப் படிமம் இல்லாமல் துவக்குவது அடுத்த பெரும் பிழை. மாட்யூல் இருக்கும் வட்டைத் திறக்கவே அந்த மாட்யூல் வேண்டியிருக்கும்.

சென்னையின் பங்கு

ரிஸ்க்-ஃபைவ் கட்டணமற்ற திறந்த தரம் என்பதால் செயலியை வடிவமைக்கும் வேலை பல்கலைக்கழகங்களுக்கும் எட்டியது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய சக்தி செயலிகள் இவ்வகையானவை. ப்ளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்ட அவற்றில் இ-வகை நுண்கட்டுப்பாட்டு வேலைகளுக்கானது. ஐந்து படிநிலைகள் கொண்ட சி-வகை லினக்ஸைத் தாங்கக்கூடியது. 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்ட ரைஸ்க்ரீக் சில்லில் லினக்ஸ் துவங்கியது. அதே ஆண்டு சண்டிகருக்கு அருகே மொஹாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் ரிமோ சில்லும் வெளிவந்தது.

குறைந்தபட்சச் செயலி எது?

தனி மனிதர் தன் கணினிக்கு அமைப்பது ஒன்று. எல்லோருக்குமாக ஒரே கெர்னலைத் தொகுத்து வெளியிடும் விநியோகம் எந்தச் செயலியைக் கீழெல்லையாகக் கொள்வது என்பது இன்னொன்று. எல்லையைத் தாழ்த்தினால் புதிய வசதிகள் வீணாகும். உயர்த்தினால் பழைய கணினிகள் கழன்றுபோகும். இதில் கெர்னல்காரர்கள் சென்டிமென்ட் பார்ப்பதில்லை. லினக்ஸ் எந்தச் செயலிக்காகப் பிறந்ததோ அந்த 386-க்கான ஆதரவை 3.8 பதிப்பிலேயே நீக்கிவிட்டார்கள். கெர்னல் நிலையில் எழுதுவதற்கு எதிரான காப்பை மதிக்காதது, ஒப்பிட்டு மாற்றும் கட்டளை இல்லாதது ஆகிய அதன் குறைகளைச் சுமந்து வருவது மற்ற எல்லாச் செயலிகளுக்கும் இடைஞ்சலாக இருந்தது.

ரிஸ்க்-ஃபைவிலும் கீழெல்லை பற்றிய இந்தப் பிரிவு வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 64 பிட் ரிஸ்க்-ஃபைவை முதன்முறையாக அதிகாரபூர்வ வெளியீடாக ஏற்றது. உபுண்டு 25.10 தன் கீழெல்லையை ஆர்விஏ23 என்ற புதிய நீட்சித் தொகுப்புக்கு உயர்த்தியது. திசையன் நீட்சி அதில் கட்டாயம். அதற்கு முந்தைய பலகைகளை வைத்திருப்பவர்களுக்கு உபுண்டுவில் மிஞ்சியிருக்கும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 24.04.