கலப்புத் தரவினச் செயற்குறிப் பணிமிகுப்பு

கணினி நிரலாக்கத்தில் செயற்குறிப் பணிமிகுப்பு என்பது +, -, * போன்ற செயற்குறிகளை, நிரலர் உருவாக்கிய தரவினங்களுக்கும் பொருந்துமாறு வரையறுத்தல் ஆகும். செயற்குறியின் இரு செயலேற்பிகளும் வெவ்வேறு தரவினங்களைச் சார்ந்திருப்பின் அது கலப்புத் தரவினச் செயற்பாடு எனப்படும். ஜாவா மொழியில் நிரலர் இவ்வாறு செயற்குறிகளை வரையறுக்க இயலாது.

சிக்கல்

பின்னங்களைக் குறிக்கும் ஓர் இனக்குழுவை எடுத்துக்கொள்வோம். அதன் பொருள் 'ப', 1/2 என்னும் மதிப்புடையது எனில், ப + 3, 3 + ப ஆகிய இரண்டும் கணிதப்படி 7/2 ஆகும். ஆனால் 3 என்பது மொழியின் அடிப்படைத் தரவினமான முழு எண். அதற்குப் பின்னத்தைப் பற்றி எதுவும் தெரியாது. எனவே முதற்கோவை இயங்கி, இரண்டாவது பிழையாகலாம்.

சி++ மொழியில்

முழு எண்ணை ஏற்கும் ஆக்கி இருப்பின், 3 தானாகவே பின்னமாக மாற்றப்படும். எனினும் + உறுப்புச் செயற்கூறாக வரையறுக்கப்பட்டால், இடப்புறச் செயலேற்பிக்கு இம்மாற்றம் நிகழாது. ஆகவே அதனை இனக்குழுவிற்கு வெளியே, இரு அளபுருக்களை ஏற்கும் செயற்கூறாக அமைப்பதே வழக்கம்.

பின்னத்திலிருந்து மெய்யெண்ணுக்குத் தானாக நிகழும் மாற்றத்தையும் சேர்த்தால், ப + 3 இருபொருள்படும். நிரல்பெயர்ப்பி எதைத் தேர்வதென அறியாது பிழை காட்டும். 2011ஆம் ஆண்டுத் தரப்பாடு முதல், இத்தகைய மாற்றத்தை வெளிப்படையாகக் கேட்டால் மட்டுமே நிகழுமாறு கட்டுப்படுத்தலாம்.

பைத்தான் மொழியில்

முதலில் இடப்புறப் பொருளின் கூட்டல் வழிமுறை அழைக்கப்படும். அது 'நாட்இம்ப்ளிமென்டட்' என்னும் சிறப்பு மதிப்பைத் திருப்பியனுப்பினால், வலப்புறப் பொருளின் 'ஆர்ஆட்' எனப்படும் எதிர்வழிமுறை அழைக்கப்படும். 3 + ப இவ்வாறே இயங்குகிறது. அறியாத தரவினத்தைக் கண்டதும் சிறப்பு மதிப்புக்கு மாறாகப் பிழையை எழுப்பும் இனக்குழு, மற்றப் பொருளின் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது.

விடையின் தரவினம்

விடை எத்தரவினம் என்பதையும் வடிவமைப்பாளர் முடிவு செய்தல் வேண்டும். 2008இல் வெளியான பைத்தான் 2.6 முதல் உள்ள பின்னக் கூறில், பின்னமும் முழு எண்ணும் சேர்ந்தால் பின்னம் கிடைக்கும். மிதவைப் புள்ளி எண் சேர்ந்தால் மிதவைப் புள்ளி எண்ணே கிடைக்கும். 1/3 போன்ற மதிப்பின் துல்லியம் அப்போது இழக்கப்படுகிறது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால், இவ்விழப்பு நிரலரின் கவனத்திற்கு எளிதில் வராது.