"சும்மா கிடக்குது சேர்": பாமினியில் அடித்த ஒரு வினாத்தாளின் கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் தரம் 11 பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பயிற்சித்தாள் ஒன்று தேவைப்பட்டது. 2004இல், புத்தளத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், இரவிரவாக இருந்து நானே ரைப் பண்ணிய வினாத்தாள் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பழைய சீடியிலிருந்து அதைப் பிரதி எடுத்து கைபேசியில் திறந்தேன். கோப்பு திறந்தது. ஆனால் "தமிழ்" என்று நான் அடித்த இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. முழு வினாத்தாளும் அப்படித்தான். நான் எழுதியதை நானே வாசிக்க முடியவில்லை.

1841இல் இங்கே யாழ்ப்பாணத்தில் அச்சாகத் தொடங்கிய உதயதாரகையின் பழைய இதழை இன்றைக்கும் கையில் எடுத்து வாசிக்கலாம். 2004இல் அடித்த என் வினாத்தாளை வாசிக்க முடியாது.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள போட்டோகொப்பிக் கடை ஒன்றுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி பார்த்த உடனே சொன்னார்: "இது பாமினி சேர். ரெண்டு நிமிசம்." எழுத்துகளை எடுத்து ஓர் இணையப் பக்கத்தில் போட்டார், ஒரு பொத்தானைத் தட்டினார், எல்லாம் தமிழாகிவிட்டது. "இதை யார் தம்பி செய்தது?" என்று கேட்டேன். "தெரியாது சேர், சும்மா இன்ரநெற்றில கிடக்குது."

அந்தச் சொல் மனதைவிட்டுப் போகவில்லை. எங்கள் ஊர்த் தெருவோரங்களில் சுமைதாங்கிக் கல்லும் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் கர்ப்பிணியாக இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக யாரோ ஒரு குடும்பம் வைத்த கல் அது. எதுவும் சும்மா கிடப்பதில்லை, யாரோ வைத்ததுதான். வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால், இதை யார் யார் வைத்தார்கள் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பாமினி. தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவர்களில் முன்னோடி ஆர். முத்தையா, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர். அந்தத் தட்டச்சு மரபில் வந்த விசை ஒழுங்கைத்தான் பாமினி எழுத்துருவும் பின்பற்றியது. பொறியில் பழகிய விரல்கள் கணனியிலும் அப்படியே ஓடின. அதனால்தான் இலங்கையில் பாடசாலை, அச்சகம், பத்திரிகை, கலியாண அழைப்பிதழ் எல்லாம் பாமினியில் ஓடின.

ஆனால் அதற்குள் ஒரு சூட்சுமம். கணனிக்குத் தமிழே தெரியாது. ஆங்கில 'ஜே' எழுத்தின் முகத்தில் 'த' என்ற படத்தை ஒட்டிவைத்ததுதான் பாமினி. அந்த எழுத்துரு இருக்கும் கணனியில் அது தமிழ். இல்லாத இடத்தில் வெறும் ஜே. இந்தியாவில் வேறு எழுத்துருக்கள், மலேசியாவில் வேறு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் வாசிக்க முடியாது. எழுத்துரு செய்து விற்ற பல நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பூட்டுப் போட்டு வைத்திருந்தன.

இந்தப் பூட்டுக் கதை எங்களோடு தொடங்கியதல்ல. கணனியின் தொடக்க காலத்தில் மென்பொருள் தனிச் சரக்கு அல்ல. இயந்திரத்தை வாங்கினால் அதோடு வரும், பாவிப்பவர்கள் தங்களுக்குள் பகிர்ந்து திருத்திக்கொள்வார்கள். 1969இல் ஐபிஎம் நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. 1976 பெப்ரவரியில் 20 வயது பில் கேட்ஸ் கணனி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். நாங்கள் உழைத்து எழுதிய மென்பொருளைக் காசு தராமல் பிரதி எடுப்பது களவு, இப்படிச் செய்தால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார்கள் என்பது அதன் சாரம். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மறுபக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன். ஆய்வுகூடத்தின் பழைய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் எல்லாருக்கும் செய்தி போகும்படி அதன் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். பிறகு வந்த ஸெரொக்ஸ் லேசர் பொறியின் மூலநிரல் தரப்படவில்லை. அது இருந்த ஒருவரிடம் கேட்டபோது, வெளியே கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். கையில் இருக்கும் பொருளைத் திருத்தக்கூட உரிமை இல்லையா என்ற கேள்வியோடு 1983இல் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்தின் மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதி, அடுத்த ஆண்டு ஸ்டால்மன் எழுதிய உரிமத்தின் கீழேயே வெளியிட்டார். இன்று உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொயிட் கைபேசியின் அடித்தளம் அந்த லினக்ஸ்தான்.

ஸ்டால்மன் இறைநம்பிக்கை உள்ளவர் அல்ல. ஆனாலும் அந்த உரிமத்தின் விதிகளைப் படித்தபோது எனக்கு வக்பு ஞாபகம் வந்தது. வக்பு செய்த கிணற்றில் யாரும் தண்ணீர் அள்ளலாம், ஆனால் யாரும் அதைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ள முடியாது. இந்த உரிமமும் அப்படித்தான்: யாரும் பாவிக்கலாம், பிரிச்சுப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியதை வெளியே கொடுத்தால் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். பூட்டிவைக்க முடியாது.

இனி எங்கள் பக்கம். மறைக்காமல் பேசுவோம். பொருளாதாரத் தடையும் மின்சாரம் இல்லாத ஆண்டுகளும் தாண்டி, 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் கணனிகள் பெருகின. அவற்றோடு பிரதி எடுத்த சீடிகளும் வந்தன. விண்டோஸ், ஒபிஸ், போட்டோஷொப் எல்லாம் ஒரு சீடியில். புத்தளத்தில் நானும் அதைத்தான் வாங்கினேன். யாரும் எங்களிடம் உரிமம் கேட்கவில்லை. இது இலவசம் என்றே நினைத்தோம்.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கழகம், நூலாக்கம், கண்டுபிடிப்பு, வர்த்தகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் மார்க்கம் மதிக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணனி மென்பொருளைப் பாதுகாக்கிறது. ஹராம் ஹலால் பற்றி வகுப்பில் பேசுகிற நான், களவாகப் பிரதி எடுத்த மென்பொருளில் வினாத்தாள் அடித்திருக்கிறேன். இதை யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை. பில் கேட்ஸின் மடலுக்கு எங்களிடம் நேர்மையான பதில் இரண்டுதான்: காசு கொடுத்து வாங்குவது, அல்லது கொடுத்தவர் மனதார அனுமதித்ததைப் பாவிப்பது. இரண்டாவது வழி முழுச் சட்டத்தோடும் முழு மனச்சாட்சியோடும் திறந்தே கிடந்தது. சீடி மலிவாகக் கிடைத்ததால் நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

தமிழின் பூட்டுகள் எப்படித் திறந்தன? இங்கேதான் கதை ஒரு பக்கச் சார்பாக இல்லை. ஒருங்குறி என்னும் யூனிக்கோட் முறையை உருவாக்கியவர்கள் பெரும் கம்பனிக்காரர்கள். ஸெரொக்ஸ், ஆப்பிள் ஆட்கள் தொடங்கி, 1991இல் ஒரு கூட்டமைப்பாகப் பதிவானது. அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 'த' என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே எண். எந்தக் கம்பனியின் கருவியிலும் அது 'த'தான். மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் 2000இல் லதா என்ற தமிழ் எழுத்துரு கூடவே வந்தது. கம்பனிகள் எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றால் அது நன்றிகெட்ட பேச்சு.

ஆனால் இடம் ஒதுக்குவது வேறு, அந்த இடத்தில் குடியேறுவது வேறு. குடியேற்றியவர்கள் தொண்டர்கள். சுவிற்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்க, பல நாடுகளில் இருந்தவர்கள் சங்க இலக்கியத்திலிருந்து ஒவ்வொரு நூலாக அடித்துக் கொடுத்தார்கள். முகுந்தராஜின் எ-கலப்பையில், பாமினி பழகிய விரல்கள் அதே விசைகளில் ஒருங்குறியில் எழுத வழி வந்தது. புலம்பெயர்ந்து வாழ்ந்த சுரதா யாழ்வாணன், பாமினி போன்ற பழைய எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியைச் செய்து எல்லோருக்குமாக இணையத்தில் வைத்தார். "சும்மா கிடக்குது" என்று தம்பி சொன்னாரே, இப்படிப்பட்ட உழைப்பின் வழியில் வந்ததுதான் அது.

யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன், அமீரகத்தில் வேலை செய்துகொண்டே 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பினார். 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் போன்ற இளைஞர்கள் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியா ஓடும் அதே கட்டற்ற மென்பொருளான மீடியாவிக்கியில் நூலகமும் ஓடுகிறது. மென்பொருளுக்கு உரிமக் காசு கட்ட வேண்டும் என்றிருந்தால் கைச்செலவுக்கே தட்டுப்பட்ட இளைஞர்கள் அதைத் தொடங்கியிருக்க முடியுமா?

இந்த மண்ணில் அதன் பெறுமதி தனி. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாகின. 1990 ஒக்டோபர் 30இல் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் கையெழுத்துக் கொப்பிகளும் எங்கள் பாடசாலைப் புத்தகங்களும் வீட்டோடு போயின. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்து மக்கள் மழையில் நடந்தபோது எத்தனை வீட்டு அலுமாரிகள் அப்படியே விடப்பட்டன! ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒருவரின் பூட்டுக்குள் இருந்தால் என்னவாகும் என்பதைப் பிறர் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

நாட்டளவில் இன்னோர் உதாரணம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்ய இலங்கைத் தொண்டர்கள் சகானா என்ற மென்பொருளை எழுதினார்கள். அதைப் பூட்டவில்லை. அதனால் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் பாவிக்கப்பட்டது. ஸ்டால்மன் தொடங்கிய அறக்கட்டளையின் சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருது சகானாவுக்குத்தான் கிடைத்தது.

கட்டற்ற மென்பொருளிலும் குறை உண்டு. உலகத்து இணையத்தளங்களில் பெரும் பங்கைப் பாதுகாத்த ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014இல் பாரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தேடிப் பார்த்தால், அதில் முழுநேரமாக வேலை செய்தவர் ஒரேயொருவர். கோடி கோடியாக உழைத்த கம்பனிகள் அதைச் சும்மா பாவித்தனவே தவிர, கிணற்றைத் தூர்வார எவரும் வரவில்லை. 2001இல் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டவர் மைக்ரோசொப்ட்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர். 2018இல் அதே நிறுவனம், திறமூல நிரல்கள் குவிந்திருக்கும் கிட்ஹப்பை 750 கோடி டொலருக்கு வாங்கியது. சந்தையில் யாரும் நிரந்தரப் பகைவருமில்லை, நிரந்தர நண்பருமில்லை.

ஆகவே கம்பனி கெட்டது, தொண்டர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு அந்தக் கம்பனி கடையைப் பூட்டினால், அல்லது மனம் மாறினால், என் எழுத்து என்னிடம் இருக்குமா? ஒருங்குறியைக் கம்பனிகள்தான் செய்தன, ஆனால் சாவியை எல்லோர் கையிலும் தந்தன. பாமினி எங்கள் கைக்கு இலவசமாக வந்தது, ஆனால் எங்கள் எழுத்து அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்குக் குறிப்பிட்ட தகுதியுள்ள கணனி தேவை. நன்றாக ஓடுகிற பழைய கணனியையும் "இது பழசு" என்று தூக்கிப் போடச் சொல்லும் காலம் இது. அதே கணனியில் லினக்ஸைப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். "வேலைக்குப் போனால் வேர்ட்தானே கேப்பாங்கள்?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். லிப்ரே ஒபிஸில் கடிதம் எழுதப் பழகிய பிள்ளைக்கு வேர்டைப் பழக அதிக நாள் எடுக்காது. மாறாக, பிள்ளை களவெடுத்த சீடியில் பழகினால் மென்பொருளோடு வேறொன்றையும் பழகிவிடும்.

மூன்று விடயங்கள் கேட்கிறேன்.

ஒன்று, உங்கள் வீட்டிலோ சங்கத்திலோ பாமினியில் அடித்த கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருவைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். முடியாதவர்கள் எனக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளை வைத்துச் செய்து தருகிறேன்.

இரண்டு, பழைய பாடசாலை மலர், பள்ளிவாசல் விழா மலர், கோவில் மலர், சனசமூக நிலைய அறிக்கை எது இருந்தாலும் எறியாதீர்கள். நூலகத்துக்குக் கொடுத்து ஒரு பிரதி எடுக்க விடுங்கள். வடபுல முஸ்லிம்களின் ஆவணங்கள் சொற்பமாகவே மிஞ்சியிருக்கின்றன. புத்தளத்திலும் கொழும்பிலும் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் இதை அனுப்புங்கள்.

மூன்று, பழுதென்று ஒதுக்கிய கணனி இருந்தால், இரும்புக் கடைக்குக் கொடுக்க முன் ஒருமுறை கேளுங்கள்.

என் பழைய வினாத்தாள் இப்போது ஒருங்குறியில் இருக்கிறது. வரலாறு படிப்பிக்கும் யாரும் எடுக்கலாம், திருத்தலாம். அதில் 7ஆம் வினாவில் ஒரு பிழை இருந்தது. 20 வருடமாக எனக்குத் தெரியவில்லை. வாசித்த ஒரு மாணவி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

பயனுள்ள அறிவை விட்டுச் செல்பவர்களாக இறைவன் எங்கள் எல்லோரையும் ஆக்குவானாக. ஆமீன்.