நாதஸ்வரமும் மைக்கும்: ஒலி அளவு ஒத்துப்போன கதை

நாதஸ்வரம் மைக்குக்காகப் பிறந்த வாத்தியம் அல்ல. தேரோடும் வீதியில் கூட்டத்தின் இரைச்சலையும் பக்கத்தில் முழங்கும் தவிலையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஆச்சா மரத்தில் நீளமாகக் கடைந்து, சீவாளி வைத்து ஊதினார்கள். மைக்கின் பூர்வீகமோ தொலைபேசி. அது மனிதர் வாயருகே வைத்துப் பேசுவதற்காக வந்தது. ஒன்று வீதிக்கு, மற்றொன்று காதுக்கு! இவை இரண்டும் சேர்ந்த கதையில் கோவில்பட்டிக்கு ஓர் இடம் உண்டு.

காருகுறிச்சி அருணாசலம் 1921-ல் திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சியில் பிறந்தவர். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். பின்னாளில் கோவில்பட்டியில் குடியேறி அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். குரு ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாதஸ்வரத்தைப் பிரபலப்படுத்தியவர். அதற்கு முன்பு புழங்கிய திமிரி நாதஸ்வரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது, காதைத் துளைப்பது. பாரியின் சுருதி தாழ்ந்தது, நாதம் கனமானது. அது கச்சேரி மேடைக்கும் மைக்குக்கும் ஓரளவு இணக்கமாக இருந்தது என்று சொல்வதில் தவறில்லை.

அப்படியும் அது சத்தமான வாத்தியம்தான். இங்கே கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். மைக்கில் இருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெரிதாக்கும் கருவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வரம்பைத் தாண்டி உள்ளே தள்ளினால் அலையின் தலை வெட்டுப்படும், 'கரகர' என்று கேட்கும். வரம்புக்கு மிகவும் கீழே அனுப்பினால் கருவியின் சொந்த இரைச்சல் மேலே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டுவதுதான் ஒலிப்பதிவாளரின் தொழில். அவருக்குக் கிடைத்த மிக மலிவான கருவி தூரம்! திறந்த வெளியில் மைக்குக்கும் வாத்தியத்துக்கும் இடையே தூரத்தை இரட்டித்தால் மின்னழுத்தம் பாதியாகும். ஓர் அடியில் இருப்பதை நான்கு அடிக்குத் தள்ளினால் கால் பங்கு.

இதை அளக்கும் அளவுகோலும் தொலைபேசிக்காரர்கள் தந்ததே. அமெரிக்காவின் பெல் நிறுவனத்தார் 1920-களில் டெசிபலைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 600 ஓம் கம்பியில் ஒரு மில்லிவாட் திறன் செல்ல 0.775 வோல்ட் வேண்டும். இன்றைய ஒலிக்கூடங்கள் கூட அந்தப் பழைய எண்ணில் இருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. 1939-ல் பெல், என்.பி.சி., சி.பி.எஸ். மூவரும் சேர்ந்து, முள் ஆடும் வி.யூ. மீட்டரைப் பொது அளவாக ஏற்றார்கள். திருச்சி வானொலி நிலையம் தொடங்கியதும் அதே 1939-ல்தான்.

இனி 1962-க்கு வருவோம். எம்.வி.ராமன் இயக்கத்தில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த 'கொஞ்சும் சலங்கை' வெளிவந்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில், ஆபேரி ராகத்தில் 'சிங்கார வேலனே தேவா'. பாடியவர் எஸ்.ஜானகி, நாதஸ்வரம் காருகுறிச்சியார். குரல் ஒரு சங்கதி போட, நாதஸ்வரம் அதையே வாங்கித் திருப்பித் தரும். கடைசியில் ஸ்வரங்கள் மாறி மாறி விழும். ஒரே அறையில் ஒரே மைக் முன்னால் இருவரையும் நிறுத்தினால் என்ன ஆகும்? குரல் காணாமல் போகும். குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு கலந்தார்கள் என்றே சொல்லப்படுகிறது. பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். நாதஸ்வரம் குரலின் உயரத்துக்கு இறக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதன் கம்பீரம் இறங்கவில்லை. ராகத்தின் பெருமையைப் பேசுபவர்கள் இந்த அளவுப் பொருத்தத்தைப் பேசுவதில்லை என்பது ஒரு குறைதான். அந்தப் பொருத்தம் பிசகியிருந்தால், குரலும் குழலும் சமமாக நின்று பேசிக்கொள்கின்றன என்ற எண்ணமே வந்திருக்காது.

காருகுறிச்சியார் 1964-ல், தம் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார்.

அந்தப் பாட்டு கரிசல் காட்டில் ஒலித்தது மைக்செட் வழியாக. கல்யாண வீடு, அம்மன் கொடை, பொதுக்கூட்டம் எதுவானாலும் வேப்ப மரத்திலோ பனையிலோ ஒரு குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். பருத்தியும் கம்பும் விளையும் மானாவாரி நிலம், மலை மறைப்பு கிடையாது, அடுத்த ஊர் வரை கேட்கும். இங்கேயும் அளவுப் பிரச்சினை இருந்தது. ஆம்ப்ளிபயரில் மைக்குக்கு ஒரு துளை, ரெக்கார்டு பிளேயருக்கு ஒரு துளை. இசைத்தட்டு முள்ளில் இருந்து வருவது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட், மைக்கை விட நூறு மடங்கு என்றாலும் ஆச்சரியமில்லை. மாற்றிச் செருகினால் ஒன்று அலறும் அல்லது முனகும். ஸ்பீக்கர் பக்கத்திலும் அதே கதை. வெகுதூரம் கம்பி இழுத்தால் கம்பியே திறனைத் தின்றுவிடும். அதனால் டிரான்ஸ்பார்மர் வைத்து 100 வோல்ட் வரை ஏற்றி அனுப்பி, மரத்தடியில் இன்னொரு டிரான்ஸ்பார்மரில் இறக்கிக்கொள்வார்கள். மின்வாரியம் ஊருக்கு மின்சாரம் கொண்டுவருவதும் இதே தத்துவத்தில்தான்.

உலகின் மறுபக்கத்தில் நேர் எதிரான ஒன்று நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெளியான 'டோன்ட் வொரி' பாட்டில், கலவை மேசையின் ஒரு டிரான்ஸ்பார்மர் பழுதாகி, கிடார் ஓசை வெட்டுப்பட்டுக் கரகரத்தது. தூக்கி எறிய வேண்டிய பதிவை அப்படியே வெளியிட்டார்கள். மக்களுக்குப் பிடித்துவிட்டது! ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டரில் செய்து காட்ட, 'கொஞ்சும் சலங்கை' வந்த அதே 1962-ல் கிப்சன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ பஸ்-டோன்' என்று கால் பெடலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒருபக்கம் கரகரப்பைத் தவிர்க்கப் பாடுபட்டார்கள், மறுபக்கம் அதையே பெட்டியில் போட்டு விற்றார்கள்.

பிறகு கிடார்காரர்கள் ஆம்ப்ளிபயரையே கரகரக்க வைத்தார்கள். எதிரொலி தரும் பெடலை அதற்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து குழம்பியது. எனவே ஆம்ப்ளிபயரின் முன்பகுதிக்கும் திறன் பகுதிக்கும் நடுவில் ஒரு வெளிவழி, ஒரு உள்வழி வைத்தார்கள். 'எபெக்ட்ஸ் லூப்' என்பது அதுதான். கிடாரில் இருந்து நேரே வருவதைவிட அந்த இடத்தில் மின்னழுத்தம் அதிகம். ஒலிக்கூடக் கருவிகளின் அளவு சுமார் 1.23 வோல்ட், வீட்டு உபயோகக் கருவிகளுக்கு 0.32 வோல்ட், இடைவெளி ஏறக்குறைய 4 மடங்கு. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்னப் பெடல் பெரிய அளவைத் தாங்காமல் திணறும். பெரிய கருவியோ சின்ன அளவை வாங்கினால் இரைச்சலோடு முனகும். சில ஆம்ப்ளிபயர்களின் பின்புறம் '+4 / -10' என்று இருக்கும் சுவிட்ச் இதற்காகத்தான். சுவிட்ச் இல்லாவிட்டால் இரண்டு மின்தடைகளைக் கொண்டு பெடலுக்குப் போகும் அளவைக் குறைத்து, திரும்பி வரும்போது மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மைக்செட்டில் இன்று இசைத்தட்டு இல்லை, கைபேசிதான். அதில் இருந்து வரும் ஒயரை மைக் துளையில் செருகினால் பழைய கரகரப்பு அப்படியே வரும். பக்கத்துத் துளையில் செருகினால் சரியாகிவிடும்.